இணையக் கடைத் தளங்களோடு வரும் மொத்த வியாபார வசதிகள்: எது எவ்வளவு தூரம் தாங்கும்?

சில்லறைக்காகப் போட்ட இணையக் கடையிலேயே மொத்த வியாபாரத்தையும் நடத்த நினைப்பவர்கள் முதலில் தேடுவது 'மொத்த விலை' என்று நிரப்ப ஓர் இடம். ஏறக்குறைய எல்லாத் தளத்திலும் அது ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. அதைப் பார்த்த நிம்மதியில் பலரும் முடிவெடுத்துவிடுகிறார்கள். ஆனால் கடைக்காரருக்குச் சரக்கு தருவதில் விலை ஒரு பகுதிதான். குறைந்தபட்சம் எத்தனை எடுக்க வேண்டும், பெட்டிக் கணக்கா உதிரிக் கணக்கா, பணம் எப்போது வரும், எவ்வளவு வரை கடன், வரியைச் சேர்த்துக் காட்டுவதா பிரித்துக் காட்டுவதா, லாரியில் போகுமா கூரியரில் போகுமா என்று எல்லாமே மாறும். தளத்தோடு வரும் வசதிகள் பெரும்பாலும் விலையை மட்டும் மாற்றிவிட்டு, மற்ற எல்லாவற்றையும் சில்லறை விதிகளின் கையில் விட்டுவிடுகின்றன. கோளாறுகள் இந்த இரண்டும் உரசும் இடத்தில்தான் வருகின்றன.

இங்கே எடுத்துக்கொண்டவை ஷாப்பிஃபை, வூகாமர்ஸ், பிக்காமர்ஸ், மஜெண்டோவும் அதன் கட்டணப் பதிப்பான அடோபி காமர்ஸும், ஓப்பன்கார்ட், பிரஸ்டாஷாப். வெளியிலிருந்து வாங்கிச் சேர்க்கும் ஆப், ப்ளக்இன் போன்ற துணை மென்பொருள்களைக் கணக்கில் சேர்க்காமல், தளத்தோடு என்ன வருகிறதோ அதை மட்டும் பார்க்கலாம்.

விலை: தள்ளுபடி மேல் தள்ளுபடி

ஒரு பொருளின் சில்லறை விலை 1000. மொத்த விலை 40 சதவீதம் குறைத்து 600. அடக்கம் 500. சில்லறை வாடிக்கையாளர்களுக்காக ஒரு வாரம் 20 சதவீதத் தள்ளுபடி போடுகிறீர்கள். சில்லறை 800 ஆகிறது. மொத்த விலை 600-லேயே நிற்க வேண்டும். அது 480 ஆகிவிட்டால் ஒவ்வொரு பொருளுக்கும் 20 நஷ்டம், அதுவும் நூற்றுக்கணக்கில்.

ஷாப்பிஃபையில் இது நடக்கும் வழியைப் பாருங்கள். அங்கே மொத்த விலையை 'கேட்டலாக்' என்ற பட்டியலில் வைக்கிறோம். பட்டியலுக்கு ஒட்டுமொத்தமாக மைனஸ் 40 சதவீதம் என்று போடலாம், அல்லது ஒவ்வொரு பொருளுக்கும் நிலையான விலை கொடுக்கலாம். சதவீதம் போடுவது சுலபம் என்பதால் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் அந்தச் சதவீதம் பொருளின் நடப்பு விலையிலிருந்து கணக்கிடப்படுகிறது. சில்லறைத் தள்ளுபடிக்காக 'விலை' இடத்தில் 800-ஐப் போட்டு, பழைய 1000-ஐ 'ஒப்பீட்டு விலை' இடத்துக்கு நகர்த்தினால், கேட்டலாக் விலை தானாகவே 480-க்கு இறங்கிவிடும். எச்சரிக்கை எதுவும் வராது. அடிக்கடி தள்ளுபடி போடும் கடை என்றால், சதவீதத்தை மறந்துவிட்டு சிஎஸ்வி (அட்டவணைக்) கோப்பு வழியாக நிலையான விலைகளை ஏற்றிவிடுவதுதான் பாதுகாப்பு. விலை உயர்த்தும்போது இரண்டு இடத்தில் மாற்ற வேண்டியிருக்கும். அந்த வேலை நஷ்டத்தைவிடச் சின்னது.

இன்னொரு நுணுக்கம்: ஒரே வாடிக்கையாளருக்கு இரண்டு கேட்டலாக் கொடுத்து, ஒரே பொருள் இரண்டிலும் இருந்தால், குறைந்த விலைதான் அவருக்குத் தெரியும். பொதுப் பட்டியல் ஒன்று, அதற்கு மேல் சிலருக்கு மட்டும் கூடுதல் விலையில் சிறப்புப் பட்டியல் ஒன்று என்று யோசிப்பவர்களுக்கு இது ஒத்துவராது. சிறப்புப் பட்டியலில் உள்ள பொருளைப் பொதுப் பட்டியலிலிருந்து எடுத்தே ஆக வேண்டும்.

மஜெண்டோவின் வழி வேறு. அதில் விலைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறுவதில்லை. அடிப்படை விலை, சிறப்பு விலை, வாடிக்கையாளர் குழுவுக்கான படிநிலை விலை (அதிகம் எடுத்தால் குறையும் விலை) ஆகியவற்றில் எது குறைவோ அது எடுத்துக்கொள்ளப்படும். மேலே சொன்ன கணக்கில் 600 அப்படியே நிற்கும். இது நல்ல வடிவமைப்பு. ஆனால் தேங்கிய சரக்கைக் கழிக்கச் சிறப்பு விலை 550 என்று போட்டால், அது எல்லாக் குழுவுக்கும் பொது. மொத்த வாங்குபவரும் 550-க்கே எடுத்துக்கொள்வார். குழுவைப் பிரிக்க வேண்டுமானால் சிறப்பு விலையை விட்டுவிட்டு, குழு பார்த்துச் செயல்படும் கேட்டலாக் விலை விதியைப் பயன்படுத்த வேண்டும். கூப்பன் விதிகளிலும் குழுவைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதால், புதுக் கூப்பன் போடும் ஒவ்வொரு முறையும் மொத்தக் குழுவின் டிக்கை எடுத்துவிடுவது கட்டாயப் பழக்கமாக இருக்க வேண்டும்.

வூகாமர்ஸைப் பொறுத்தவரை, ஆதார மென்பொருளில் மொத்த விலை என்பதே கிடையாது. வழக்கமான விலை, தள்ளுபடி விலை, அவ்வளவுதான். கூப்பனைக் குறிப்பிட்ட மின்னஞ்சல் முகவரிகளுக்கு மட்டும் என்று கட்டுப்படுத்தலாமே தவிர, 'மொத்த வாங்குபவர் என்ற ரோலுக்கு (பயனர் வகைக்கு) இது பொருந்தாது' என்று சொல்ல ஆதாரத்தில் வழியில்லை. 'தள்ளுபடியில் உள்ள பொருளுக்குப் பொருந்தாது' என்ற டிக் காப்பாற்றும் என்று நம்பக் கூடாது. நீங்கள் சேர்க்கும் மொத்த விலை ப்ளக்இன் தன் விலையைத் தள்ளுபடி விலையாகக் காட்டுகிறதா, வழக்கமான விலையாகக் காட்டுகிறதா என்பதைப் பொறுத்து அந்த டிக் வேலை செய்யும், அல்லது செய்யாது.

படிநிலை விலையும் அளவுக் கலவையும்

50 எடுத்தால் ஒரு விலை, 100 எடுத்தால் இன்னும் குறைந்த விலை என்ற படிநிலை வூகாமர்ஸ் தவிர மற்ற தளங்களில் கிடைக்கிறது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: 50 என்பதை எதை வைத்து எண்ணுகிறது?

ஒரு கடைக்காரர் ஒரே சட்டையில் சிறிய அளவு 10, நடுத்தரம் 20, பெரியது 20 எடுக்கிறார். மொத்தம் 50. அவரைப் பொறுத்தவரை 50 சட்டை வாங்கியாகிவிட்டது. ஷாப்பிஃபையின் எண்ணிக்கை விலை ஒவ்வொரு வேரியன்ட்டையும் (ஒரே பொருளின் அளவு, நிற வகையையும்) தனித்தனியாக எண்ணும். 10, 20, 20 என்று பார்த்து எதற்கும் 50-இன் விலையைத் தராது. மஜெண்டோவிலும் அளவு, நிறம் உள்ள பொருள் என்றால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு எளிய பொருளும் தனிக் கணக்கு. ஓப்பன்கார்ட் இந்த இடத்தில் இரண்டையும் மிஞ்சுகிறது: கார்ட்டில் ஒரே பொருளின் வெவ்வேறு தேர்வுகள் எத்தனை வரிகளாக இருந்தாலும் அவற்றைக் கூட்டித்தான் தள்ளுபடிக்கான எண்ணிக்கையைப் பார்க்கிறது. துணி, செருப்பு போன்று அளவு வாரியாக விற்கும் தொழிலுக்கு இந்த ஒரு வித்தியாசமே தளத்தைத் தீர்மானிக்கப் போதுமானது. ஆனால் வெவ்வேறு பொருள்களைக் கலந்து, 'இந்த வகையில் எதை வேண்டுமானாலும் சேர்த்து 100' என்று கேட்டால் அதற்கு ஓப்பன்கார்ட்டிலும் நேர்வழி இல்லை.

படிநிலை வைக்கும்போது விளிம்பில் வரும் பள்ளத்தையும் கவனியுங்கள். இந்தத் தளங்கள் படியை எட்டியதும் எல்லா எண்ணிக்கைக்கும் புது விலையைப் போடுகின்றன. 49 வரை 10.00, 50 முதல் 9.00 என்றால், 49 எடுத்தவர் 490 கட்டுகிறார். 50 எடுத்தவர் 450 கட்டுகிறார். தேவையில்லாத ஒன்றைச் சேர்த்து எடுத்தால் 40 மிச்சம். படிகளுக்கு இடையே விலை வித்தியாசத்தைச் சிறிதாக வைத்து, படிகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் பள்ளம் ஆழம் குறையும். முதல் 49-க்கு ஒரு விலை, அதற்கு மேற்பட்டவற்றுக்கு மட்டும் வேறு விலை என்ற கணக்கு வேண்டுமானால் தளத்தோடு வரும் வசதி உதவாது.

பெட்டி கணக்கு

12 கொண்ட பெட்டியாக மட்டும் விற்க வேண்டும் என்றால் இரண்டு வழிகள் உண்டு. 'பெட்டி' என்று தனி வேரியன்ட் போடலாம். அல்லது உதிரியையே வைத்துக்கொண்டு, 12-இன் மடங்கில்தான் எடுக்க முடியும் என்று விதி வைக்கலாம்.

தனி வேரியன்ட் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அதற்கென்று ஒரு தனி ஸ்டாக் எண் உருவாகிவிடும். உதிரியில் 60, பெட்டியில் 5 என்று ஒரே சரக்கை இரண்டு இடத்தில் எழுதியிருப்பீர்கள். சில்லறையில் 8 விற்றால் பெட்டியின் எண் குறையாது. அடுத்த நாள் ஒருவர் 5 பெட்டி எடுப்பார். கையில் இருப்பதோ 52 உதிரி. இரண்டு எண்களையும் இணைக்கும் ஏற்பாடு இல்லாத தளத்தில் இந்த வழியைத் தொடவே வேண்டாம்.

மடங்கு விதி நம்பகமானது. ஷாப்பிஃபையின் கேட்டலாக்கில் குறைந்தபட்சம், அதிகபட்சம், மடங்கு என்று மூன்றும் கொடுக்கலாம். குறைந்தபட்சமும் அதிகபட்சமும் மடங்கால் வகுபட வேண்டும். குறைந்தபட்சம் 30, மடங்கு 12 என்று போட்டால் ஏற்காது. 24 அல்லது 36 என்று மாற்ற வேண்டும். விதி அந்தப் பட்டியலைப் பார்க்கும் நிறுவனங்களுக்கு மட்டும் பொருந்துவதால் சில்லறை வாங்குபவர் ஒன்றே ஒன்று எடுக்கத் தடையில்லை. ஓப்பன்கார்ட்டில் குறைந்தபட்ச அளவு பொருளோடு ஒட்டியது. 12 என்று வைத்தால் சில்லறை வாடிக்கையாளரும் 12 எடுக்க வேண்டியதுதான். வூகாமர்ஸ் ஆதாரத்தில் குழுவாரியான அளவு விதியே இல்லை.

மடங்கு விதியிலும் மீதிச் சரக்குத் தொல்லை உண்டு. 48 இருந்து சில்லறையில் 5 போனால் 43. மொத்த வாங்குபவர் 36 மட்டுமே எடுக்க முடியும். 7 உதிரியாக நிற்கும். கிடங்கில் யாரோ ஒரு முழுப் பெட்டியை உடைத்துத்தான் அந்த 5-ஐ எடுத்திருப்பார்கள். சில்லறைக்கும் மொத்தத்துக்கும் கிடங்கு இடத்தைப் பிரித்து, சில்லறைப் பக்கம் குறைந்தால் ஒரு பெட்டியை உடைத்து அந்தப் பக்கம் மாற்றிப் பதிவது ஒழுங்கான வழி. பல கிடங்கு இடங்களை ஆதரிக்கும் தளத்தில்தான் இது முடியும்.

முன்பதிவு விற்பனையிலும் இதே குறைபாடுதான். ஸ்டாக் தீர்ந்தபின் ஆர்டர் எடுக்கலாமா என்பது வூகாமர்ஸிலும் ஷாப்பிஃபையிலும் பொருளைப் பொறுத்த அமைப்பு. ஆளைப் பொறுத்தது அல்ல. மூன்று வாரம் காத்திருக்கத் தயாரான கடைக்காரருக்குத் திறந்துவிட்டால், நாளைக்கே வேண்டும் என்று நினைக்கும் சில்லறை வாடிக்கையாளருக்கும் கதவு திறந்துவிடும்.

கடன், கெடு, நிறுத்தி வைத்தல்

மொத்த வியாபாரத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது. பெரும்பாலான தளங்கள் இங்கேதான் கைவிடுகின்றன.

ஷாப்பிஃபை ஒரு நிறுவனத்துக்கு 7, 15, 30, 45, 60, 90 நாள் கெடு வைக்க இடம் தருகிறது. சரக்கு அனுப்பியதும் கட்டலாம் என்ற தேர்வும் உண்டு. கெடு நாட்கள் ஆர்டர் போட்ட நாளிலிருந்து ஓடத் தொடங்கும். தயாரித்து அனுப்ப நான்கு வாரம் ஆகும் சரக்கு என்றால், 30 நாள் கெடுவில் சரக்கு கைக்கு வருவதும் பணம் கேட்டு நினைவூட்டல் போவதும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நடக்கும். அப்படிப்பட்ட வியாபாரத்துக்கு 60 நாள் வைப்பது அல்லது அனுப்பியதும் கட்டும் முறையைத் தேர்ந்தெடுப்பது மேல். முதல் 10 நாளில் கட்டினால் 2 சதவீதம் கழிவு, மாதக் கடைசியிலிருந்து 30 நாள் போன்ற வழக்கமான ஏற்பாடுகளுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.

கெடு இருக்கிறது, வரம்பு? ஒரு நிறுவனம் ஏற்கெனவே மூன்று பில்களைக் கட்டாமல் வைத்திருந்தாலும் நான்காவது ஆர்டரை 30 நாள் கெடுவில் போட முடிந்தால், அது கடன் வசதி ஆகாது. கடனுக்குத் திறந்த கதவு. அடோபி காமர்ஸில் இதற்கு முறையான பதில் இருக்கிறது: நிறுவனக் கணக்குக்கு ஒரு கடன் தொகை ஒதுக்கலாம், ஆர்டர் போடப் போட அது குறையும், வரம்பைத் தாண்ட அனுமதிப்பதா வேண்டாமா என்று நிறுவனவாரியாக முடிவு செய்யலாம். இது கட்டணப் பதிப்பில்தான்; இலவச மஜெண்டோவில் கிடையாது. தளத்தில் வரம்பு இல்லாத இடத்தில் செய்யக்கூடியது, எல்லா மொத்த ஆர்டரும் நேராக உறுதியாகாமல் டிராஃப்ட்டாக (வரைவு ஆர்டராக) வந்து நிற்கும்படி வைத்து, கணக்குப் பிரிவு நிலுவையைப் பார்த்த பிறகு விடுவிப்பது. ஷாப்பிஃபை இதற்கு நிறுவனவாரியாக அமைப்பு தருகிறது.

அதிலும் ஒரு பொறி. டிராஃப்ட் ஆர்டர் தானாக ஸ்டாக்கைப் பிடித்து வைக்காது. 100 இருக்கும் பொருளுக்கு இரண்டு கடைக்காரர்கள் தலா 100 என்று டிராஃப்ட் போட்டால் இரண்டும் வந்து நிற்கும். முதலில் விடுவிப்பவருக்குச் சரக்கு, மற்றவருக்கு மன்னிப்பு. டிராஃப்ட் வந்தவுடன் உள்ளே போய் 'ரிசர்வ்' செய்து, எந்தத் தேதி வரை என்று குறிப்பது அன்றாட வேலையாக இருக்க வேண்டும்.

வூகாமர்ஸில் பலரும் வங்கிப் பரிமாற்றம் அல்லது காசோலை முறையைக் கடன் விற்பனைக்குப் பயன்படுத்துகிறார்கள். அதில் போடும் ஆர்டர் 'நிறுத்திவைப்பு' நிலைக்குப் போகும். ஸ்டாக் உடனே குறையும். குறிப்பிட்ட நிமிடங்களுக்குப் பின் ஸ்டாக்கை விடுவிக்கும் அமைப்பு பணம் கட்டாமல் 'நிலுவை'யில் நிற்கும் ஆர்டருக்குத்தான், நிறுத்திவைப்புக்கு அல்ல. ஆக, பணம் வராத ஆர்டர் ஒன்று மாதக்கணக்கில் சரக்கைக் கட்டிப்போட்டிருக்கும், யாராவது கையால் ரத்து செய்யும்வரை. இந்தக் கட்டண முறையை மொத்தக்காரருக்கு மட்டும் காட்டவும் ஆதாரத்தில் வழியில்லை. செக்அவுட்டில் எல்லோருக்கும் தெரியும்.

விலை கசிவு

மொத்த விலையைச் சில்லறை வாடிக்கையாளர் பார்த்துவிட்டால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. வூகாமர்ஸில் இது பல ஓட்டைகள் வழியாக நடக்கிறது, திரையில் எதுவும் தெரியாமலே.

உள்நுழையாதவருக்கு விலையை மறைக்க வேண்டும் என்று தீமில் (கடையின் தோற்ற வடிவமைப்பில்) விலை வரும் இடத்தை மட்டும் நீக்கிவிடுவது பொதுவான வழக்கம். ஆனால் பக்கத்தின் மூலத்தைத் திறந்து பாருங்கள். தேடுபொறிக்காக எழுதப்படும் கட்டமைப்புத் தரவில் விலை அப்படியே இருக்கும். வேரியன்ட் உள்ள பொருள் என்றால், அவற்றின் எண்ணிக்கை 30-ஐத் தாண்டாதவரை, ஒவ்வொரு வேரியன்ட்டின் விலையும் கார்ட் படிவத்தின் உள்ளேயே எழுதப்பட்டிருக்கும். மற்ற மென்பொருள்கள் கடையின் தரவைக் கேட்டு வாங்கும் வழியான பொது ஏபிஐயும் உள்நுழையாமலே பொருள் பட்டியலையும் விலையையும் தரும். மறைப்பு என்பது விலை கணக்கிடப்படும் இடத்திலேயே நடக்க வேண்டும். திரையில் மட்டும் நடந்தால் அது மறைப்பு இல்லை.

அடுத்தது கேஷ், அதாவது ஒருமுறை உருவான பக்கத்தைச் சேமித்து வைத்து வேகமாகத் தரும் ஏற்பாடு. உள்நுழைந்த வாடிக்கையாளரின் பக்கத்தை சேமித்து வைத்து அடுத்தவருக்கு அதையே கொடுத்தால் மொத்த விலை வெளியே போய்விடும். நல்ல ஹோஸ்டிங்கில் உள்நுழைவு குக்கி இருந்தால் கேஷ் ஒதுங்கிவிடும். மேலே சிடிஎன் (பக்கங்களின் நகலைப் பல இடங்களில் வைத்துத் தரும் சேவை) ஒன்றை வைத்து 'எல்லாவற்றையும் சேமி' என்று விதி போட்டவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். இதைவிடக் கண்டுபிடிக்கக் கடினமானது, வூகாமர்ஸ் உள்ளேயே வேரியன்ட் விலைகளைச் சேமித்து வைப்பது. 'இத்தனை முதல் இத்தனை வரை' என்று காட்டும் விலை வீச்சு அந்தச் சேமிப்பிலிருந்து வருகிறது. ரோலுக்கு ஏற்ப விலை மாற்றும் ப்ளக்இன், அந்தச் சேமிப்பின் அடையாளக் குறியில் ரோலையும் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால், முதலில் பக்கத்தைத் திறந்தவர் மொத்தக்காரராக இருந்தால் பின்னால் வரும் எல்லோருக்கும் மொத்த விலை வீச்சு தெரியும். வேரியன்ட்டைத் தேர்ந்தெடுத்ததும் சரியான விலை வரும். 'சில நேரம் மட்டும் தப்பாகக் காட்டுகிறது' என்ற புகார் வந்தால் முதலில் இங்கே பாருங்கள்.

பிரஸ்டாஷாப்பும் ஓப்பன்கார்ட்டும் இதில் பாராட்டுக்குரியவை. பிரஸ்டாஷாப்பில் பார்வையாளர், விருந்தினர், வாடிக்கையாளர் என்று மூன்று குழுக்கள் முதலிலேயே உண்டு. ஒவ்வொரு குழுவுக்கும் விலையைக் காட்டலாமா என்று தனியாகச் சொல்லலாம். ஓப்பன்கார்ட்டில் உள்நுழைந்தால்தான் விலை என்ற அமைப்பும், ஒரு குழுவில் சேர்பவரை ஒப்புதலுக்குப் பின்பே அனுமதிக்கும் அமைப்பும் ஆதாரத்திலேயே இருக்கின்றன. இலவச மென்பொருளில் இவ்வளவு கவனம் இருப்பது மகிழ்ச்சி தருகிறது.

வரியும் சரக்குக் கூலியும்

சில்லறைக்கு வரி சேர்த்த விலை, மொத்தத்துக்கு வரி சேர்க்காத விலை காட்ட வேண்டும். பிரஸ்டாஷாப்பில் இது குழுவின் அமைப்பு. வூகாமர்ஸில் முழுக் கடைக்கும் ஒரே தேர்வு. மாற்ற வேண்டுமானால் நிரல் எழுத வேண்டும்.

சதவீத விலையில் வரும் சில்லறைக் காசு வித்தியாசமும் கணக்காளரைத் தூங்கவிடாது. 19.99-இல் 40 சதவீதம் குறைத்தால் 11.994. ஒரு பொருளுக்கே 11.99 என்று முழுமையாக்கி 144 எடுத்தால் 1726.56. முழுமையாக்காமல் பெருக்கிக் கடைசியில் முழுமையாக்கினால் 1727.14. தளம் ஒரு முறையிலும் கணக்கு மென்பொருள் மறு முறையிலும் போனால் ஒவ்வொரு பில்லிலும் 58 காசு போலத் தொங்கும். மொத்த விலைகளை இரண்டு தசமத்தில் நிலையாக எழுதிவிட்டால் பாதித் தொல்லை தீரும். வூகாமர்ஸில் வரியை ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக முழுமையாக்குவதா, கூட்டுத்தொகையில் முழுமையாக்குவதா என்ற தேர்வும் உண்டு. கணக்கு மென்பொருளில் எப்படி இருக்கிறதோ அப்படியே இங்கும் வையுங்கள்.

சரக்குக் கூலியில் தவறாமல் நடக்கும் விபத்து, இலவச டெலிவரி. சில்லறையில் குறிப்பிட்ட தொகைக்கு மேல் இலவசம் என்று வைத்திருப்பீர்கள். மொத்த ஆர்டர் எதுவாக இருந்தாலும் அந்தத் தொகையை முதல் வரியிலேயே தாண்டிவிடும். 200 கிலோ சரக்கு இலவசமாகக் கிளம்பும். எதிர்த்திசையிலும் நடக்கும்: கூரியர் கட்டண அட்டவணை 30 கிலோவோடு முடிந்துவிட்டால், அதற்கு மேல் போகும் ஆர்டருக்கு 'டெலிவரி வசதி இல்லை' என்று செக்அவுட் மறுத்துவிடும், வாங்க வந்தவர் ஏன் என்றே தெரியாமல் போய்விடுவார். எடை உச்சவரம்புக்கு மேல் 'கூலி பின்னர் தெரிவிக்கப்படும்' என்று ஒரு வரி சேர்ப்பதும், இலவச டெலிவரியை எடை வரம்போடு கட்டுவதும் உடனடித் தீர்வு.

குறைந்தபட்ச ஆர்டர் தொகைக்கு மஜெண்டோவில் அமைப்பு இருக்கிறது, ஆனால் முழு வலைத்தளத்துக்கும் பொதுவாக. மொத்தக்காரர்களைத் தனி வலைத்தளமாகப் பிரித்தால் பயன்படும். ஒரே மஜெண்டோவில் பல வலைத்தளங்கள் ஒரே பொருள் பட்டியலைப் பகிரலாம், விலையை மட்டும் வலைத்தளவாரியாக வைக்கலாம் என்பதால் இது நடைமுறையில் நல்ல வழிதான். ஓர் ஆர்டரைப் பகுதி பகுதியாக அனுப்பி, அனுப்பியதற்கு மட்டும் பில் போடும் வசதியும் இலவச மஜெண்டோவிலேயே இருக்கிறது.

ஆர்டர் போடும் ஆட்கள்

80 வகைப் பொருள் எடுக்கும் கடைக்காரரை ஒவ்வொரு பக்கமாகத் திறந்து கார்ட்டில் சேர்க்கச் சொல்வது கொடுமை. அடோபி காமர்ஸில் எஸ்கேயூ என்ற பொருள் அடையாள எண்ணைத் தட்டியோ சிஎஸ்வி ஏற்றியோ ஆர்டர் போடலாம். வழக்கமாக எடுப்பவற்றைப் பட்டியலாகச் சேமிக்கலாம். நிறுவனத்துக்குள் ஊழியர் போடும் ஆர்டரை மேலாளர் ஒப்புக்கொண்ட பிறகே அனுப்பும் விதியும் உண்டு. ஷாப்பிஃபையில் ஒரு பொருளின் எல்லா வேரியன்ட்டையும் ஒரே அட்டவணையில் நிரப்பும் வசதி சில தீம்களில் இருக்கிறது. ஆனால் உள்ளே வரும் பொறுப்புகள் இரண்டுதான்: ஆர்டர் மட்டும் போடுபவர், அந்தக் கிளையை நிர்வகிப்பவர். செலவு வரம்போ ஒப்புதல் படியோ இல்லை. பிக்காமர்ஸின் அடிப்படைத் திட்டத்தில் வாடிக்கையாளர் குழுவே கிடையாது. மேல்திட்டத்தில் கிடைத்தாலும் ஒருவர் ஒரு குழுவில் மட்டுமே இருக்க முடியும் என்பதால், 'தென்பகுதி' என்று ஒரு குழு, 'தங்க நிலை' என்று ஒரு குழு என்று பிரித்தால் இரண்டின் பெருக்கலாகக் குழுக்கள் பெருகிவிடும்.

யாருக்கு எது

பத்து இருபது கடைகளுக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு மட்டும் தருபவருக்கு ஓப்பன்கார்ட் அல்லது பிரஸ்டாஷாப் போதும், செலவும் குறைவு. சில்லறை ஏற்கெனவே ஷாப்பிஃபையில் ஓடுகிறது, கெடு 30 நாள், கடன் நிலுவையைக் கையால் பார்க்க ஓர் ஆள் இருக்கிறார் என்றால் அதிலேயே தொடரலாம். 2022-இல் ப்ளஸ் என்ற உயர் திட்டத்தில் வந்த இந்த வசதிகள் இன்று எந்தத் திட்டத்தில் எவ்வளவு கிடைக்கிறது என்பதை மட்டும் பணம் கட்டும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்பு இருந்த பழைய மொத்த விற்பனைச் சேனலை 2024-இல் அவர்கள் நிறுத்திவிட்டார்கள் என்பதும் நினைவில் இருக்கட்டும். கடன் வரம்பு, ஒப்புதல், பேரம் எல்லாம் வேண்டுமானால் அடோபி காமர்ஸ். ஆனால் அதைப் பராமரிக்கத் தெரிந்த ஆட்கள் நிரந்தரமாக வேண்டும். வூகாமர்ஸில் மொத்த வியாபாரம் என்பது ப்ளக்இனைப் பொறுத்தது. விலையைத் தொடும் ப்ளக்இன் ஒன்றுக்கு மேல் வைக்காதீர்கள். மொத்த விலை, படிநிலை விலை, நாணய மாற்று என்று மூன்று வைத்தால் எது கடைசியில் கணக்கிடுகிறதோ அது மற்ற இரண்டையும் அழித்துவிடும்.

முடிவெடுக்கும் முன் ஒரு போலி நிறுவனம், ஐந்து பொருள்கள் போட்டு அரை நாள் சோதித்தால் மேலே சொன்ன எல்லாம் வெளிவந்துவிடும். ஐந்தில் ஒன்று அளவு வாரியானதாகவும், ஒன்று தள்ளுபடியில் உள்ளதாகவும், ஒன்று ஸ்டாக் தீர்ந்ததாகவும் இருக்கட்டும். சில்லறைக் கூப்பனை மொத்தக் கணக்கில் போட்டுப் பாருங்கள். அளவுகளைக் கலந்து படியை எட்டுங்கள். எடை 200 கிலோ வரும்படி கார்ட்டை நிரப்பிச் செக்அவுட் வரை போங்கள். பில் கட்டாமலே இரண்டாவது ஆர்டர் போடுங்கள். பிறகு வெளியேறி, உள்நுழையாத வேறொரு உலாவியில் அதே பக்கங்களின் மூலத்தைத் திறந்து, மொத்த விலையின் எண்ணைத் தேடுங்கள்.

கடைசியாக ஒன்றையும் அன்றே பாருங்கள்: விலைப் பட்டியலை வெளியே எடுக்க முடிகிறதா? மஜெண்டோவில் ஏற்றுமதியின்போது 'மேம்பட்ட விலை' என்ற வகையைத் தேர்ந்தெடுத்தால் குழுவாரியான படிநிலை விலைகள் தனிக் கோப்பாக வரும். வூகாமர்ஸில் ப்ளக்இன்கள் பெரும்பாலும் மொத்த விலையைப் பொருளின் கூடுதல் தரவில் வைப்பதால், ஏற்றுமதித் திரையில் கூடுதல் தரவையும் சேர்க்கும் டிக்கைப் போடாவிட்டால் கோப்பில் சில்லறை விலை மட்டுமே இருக்கும்.